கற்பனை நாட்டுக்குப் படை திரட்டும் இளையோருக்கு



இல்லாத ஒரு நாட்டைக் கட்டி, அதற்கு ஓர் அரசனை உட்காரவைத்து, எல்லைக்குப் படை அனுப்பும் கதைகளை நீங்கள் ஆசையோடு எழுதுகிறீர்கள். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுக்கிறீர்கள். நானும் ஆசையோடுதான் படிக்கிறேன். அவற்றில் அரசனுக்கு முகம் இருக்கிறது, வாளுக்குப் பெயர் இருக்கிறது, அரண்மனையில் எத்தனை தூண் என்பதுகூட இருக்கிறது. படைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "லட்சம் வீரர்கள் திரண்டனர்" என்று ஒரு வரி வரும். நான்கு பக்கம் தள்ளி "பதினாயிரம் பேர் மாண்டனர்" என்று இன்னொரு வரி வரும். படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

நான் 17 வருஷம் ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் வேலை பார்த்தவன். துப்பாக்கி பிடித்து முன்வரிசையில் நின்றவன் அல்ல. நின்றவர்களுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் மலை ஏற்றியவன். படை என்றால் எனக்கு முதலில் கண்ணில் வருவது ஒரு பேரேடு. அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கண்ணோடுதான் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை முதன்முதலில் படித்தேன். 1954, 55 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்த புத்தகம் அது. ரோஹன் என்ற குதிரைவீரர் நாட்டையும், கோண்டோர் என்ற பழைய பேரரசையும், அவற்றின் படைகளையும் அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தபோது, இவர் பேரேடு பார்த்தவர் என்று புரிந்துவிட்டது. அவரை முன்னால் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. படை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அரசன் கைதட்டினால் படை வராது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் படையை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் நாட்டில் எது எது உண்டு என்று பாருங்கள். டோல்கீன் இந்த உரையைப் படித்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர் கதையில் இவற்றில் பலவற்றுக்கு இடம் இருக்கிறது. ரோஹன் அரசன் தியோடனின் வீட்டுக் காவலர்கள் மூலப்படை. பள்ளத்தாக்குகளிலிருந்து குதிரையோடு வந்து சேரும் குடிமக்கள் நாட்டுப்படை. ரோஹன் கோண்டோருக்கு உதவப் போகும்போது அதுவே துணைப்படை. அந்த வழியில், எதிரி அடைத்துவிட்ட சாலையை விட்டு, மறந்துபோன பழைய பாதையைக் காட்டிக்கொடுக்கும் வனவாசிகள் காட்டுப்படை. ஒவ்வொருவரும் வருவதற்கு வேறு வேறு காரணம். காரணம் தெரிந்தால்தான் எவன் கடைசிவரை நிற்பான், எவன் நடுவில் கழன்றுகொள்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

2. ஆளை எண்ணுங்கள். குதிரையைத் தனியாக எண்ணுங்கள்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கதையில் அரகார்ன், லெகோலாஸ், கிம்லி மூவரும் ரோஹன் சமவெளியில் நடந்து வருகிறார்கள். தொலைவில் ஒரு குதிரைப்படை தெரிகிறது. எல்ஃப் இனத்தவனான லெகோலாஸுக்குக் கழுகுக் கண். அவன் எண்ணிச் சொல்கிறான்: 105 பேர். அத்தோடு இன்னொன்றும் சொல்கிறான்: மூன்று சேணம் காலியாக இருக்கிறது.

படை பக்கத்தில் வருகிறது. அதன் தலைவன் எயோமர் முந்தைய சண்டையைப் பற்றிப் பேசும்போது, 15 ஆட்களையும் 12 குதிரைகளையும் இழந்தோம் என்கிறான். அவ்வளவுதான், கதை மேலே போய்விடுகிறது. நீங்கள் அங்கேயே நின்று கணக்குப் போடுங்கள். 105-உம் 15-உம் 120. ரோஹனில் ஒரு முழுக் குதிரைப்பிரிவு என்றால் தலைவனையும் சேர்த்து 120 பேர் என்று டோல்கீனின் பிற்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர் மறைந்த பிறகு 1980-இல் வெளியான 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுப்பில் அது இருக்கிறது. 120 குதிரையில் 12 போனால் மிச்சம் 108. ஆட்கள் 105. அப்படியானால் ஆளில்லாத குதிரை மூன்று. லெகோலாஸ் கண்ட அதே மூன்று சேணம்.

இதை எந்தக் கதாபாத்திரமும் விளக்குவதில்லை. கூட்டிக் கழிக்கிற வாசகனுக்கு மட்டும் அது தெரியும். கூட்டிக் கழிக்காத வாசகனுக்கும், இந்தப் படை நிஜம் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வந்துவிடும். பிறகு அந்த ஆளில்லாத குதிரைகளில் இரண்டைத்தான் எயோமர் வழிப்போக்கர்களுக்குக் கொடுக்கிறான். செத்தவன் குதிரையில் ஏறித்தான் நாயகன் கதைக்குள் போகிறான். இது வெறும் கணக்கு இல்லை தம்பி. இறந்தவனை மறக்காமல் இருப்பது.

3. எல்லோரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் கதையில் போர் என்றதும் நாடே காலியாகிறது. பின்னால் கோட்டையை யார் காப்பது? கோண்டோரின் தூதன் வந்து உதவி கேட்கும்போது தியோடன் சொல்லும் பதிலைப் பாருங்கள். நல்ல காலமாக இருந்திருந்தால் 10,000 ஈட்டிகளை அனுப்பியிருப்பேன், இப்போது என் கோட்டைகளைக் காவல் இல்லாமல் விட முடியாது, 6,000 பேராவது என் பின்னால் வருவார்கள் என்கிறான். அந்தக் கழித்தலில் ஒரு அரசனின் கவலை முழுக்கத் தெரிகிறது.

கோண்டோர் பக்கமும் இதே கதை. தலைநகர் மினாஸ் டிரித்தின் வாசலில் மக்கள் கூடி நின்று, தெற்கு மாகாணங்களிலிருந்து வரும் துணையை எண்ணுகிறார்கள். போர்லாங் என்ற வயதான பிரபு வெறும் 200 பேரோடு வருகிறார். பத்து மடங்கு வருவார்கள் என்று ஊர் காத்திருந்தது. கடற்கொள்ளையரின் கப்பல்கள் கரையோரத்தை மிரட்டுவதால் எல்லோரும் தங்கள் ஊரைக் காக்கவே ஆள் நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 3,000-க்கும் குறைவு. எதிரி இன்னும் கண்ணில் படவே இல்லை. ஆனால் நமக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. வராத ஆட்களை வைத்தும் பயத்தை எழுதலாம் என்று அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன்.

4. சோறு, தண்ணீர், புல். இந்த மூன்றையும் எழுதாமல் ஒரு அடி நகராதீர்கள்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கடுமையாக உழைக்கும் குதிரை ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமாராகப் பத்து கிலோ தீனி வேண்டும், முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். 6,000 குதிரை என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு 60 டன் தீனி அது. 1,80,000 லிட்டர் தண்ணீர் அது. புல்வெளி நாடாக இருந்தால் பாதியை நிலமே கொடுத்துவிடும். பாலைவனத்தில் இதே படையை நடத்தினால் மூன்றாம் நாள் சண்டை போட எதிரியே தேவைப்பட மாட்டான்.

எங்கள் பிரிவில் கோவேறு கழுதைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குளம்பில் ஓர் எண் உண்டு, தீனிக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒருமுறை மண்சரிவில் பாதை மூடி மூன்று நாள் மேலே எதுவும் போகவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் பாதை திறந்தது. சுமை கட்டி ஏறினோம். உச்சியில் இருந்த பையன்களில் ஒருவன் ஓடி வந்தான். மூட்டையைத் தொடவில்லை. நேரே முன்னால் வந்த கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதன் வியர்வையில் அவன் கன்னம் நனைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். படைக்குச் சோறு வருவது என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரிந்தது. உங்கள் கதையில் அப்படி ஒரு விடிகாலை இருக்க வேண்டும்.

டோல்கீன் இதை விடவே இல்லை. பிப்பின் என்ற சின்ன உருவம் கொண்ட ஹாபிட், கோண்டோர் கோட்டைக் காவலில் சேர்ந்ததும் முதல் கேள்வியாகச் சாப்பாட்டு நேரத்தைத்தான் கேட்கிறான். பெரகாண்ட் என்ற காவலன் பொறுமையாகச் சொல்கிறான்: கடினமான வேலையில் இருப்பவர்களுக்கு முற்பகலில் கொஞ்சம், நண்பகலையொட்டி ஒரு வேளை, சூரியன் சாயும்போது எல்லோரும் கூடிச் சாப்பிடும் பெரிய வேளை. பிறகு கூட்டிக்கொண்டுபோய் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆப்பிள் வாங்கித் தருகிறான். ஹெல்ம்ஸ் டீப் கோட்டையிலும் அப்படித்தான். முற்றுகைக்கு முன் எயோமர் காதில் விழும் செய்தி, பின்னால் குகைகளில் ஊர் மக்கள் இருக்கிறார்கள், உணவும் இருக்கிறது, கால்நடையும் அதற்கான தீவனமும் இருக்கின்றன என்பது. அந்தத் தீவனம் என்ற ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

5. தூரத்தையும் நாளையும் ஒத்துப்போகச் செய்யுங்கள்.

வரைபடம் போடுங்கள். அளவுகோல் வையுங்கள். ரோஹன் தலைநகரிலிருந்து மினாஸ் டிரித் நூறு லீக்குக்குச் சற்று மேல். ஒரு லீக் மூன்று மைல் என்றால் முந்நூறு மைலுக்கு மேல் ஆகிறது. மார்ச் 10 அன்று கிளம்பிய படை 15-ஆம் தேதி விடியலில் களத்தில் நிற்கிறது. தூதன் அவசரப்படுத்தும்போது தியோடன் சொல்வது இதுதான்: பாதை நீளம், ஆளும் குதிரையும் போய்ச் சேரும்போது சண்டை போடத் தெம்போடு இருக்க வேண்டும். வேகமாகப் போய் விழுந்து கிடக்கும் படையால் யாருக்கும் பயனில்லை.

நிலாவைக்கூட டோல்கீன் விடவில்லை. ஒரே இரவில் வேறு வேறு இடங்களில் இருக்கும் பாத்திரங்கள் வேறு வேறு பிறை பார்க்கக் கூடாது என்று, எழுதி முடித்த அத்தியாயங்களை எடுத்துத் திருத்தினார். நீங்கள் ஒரு நாட்காட்டி போட்டுச் சுவரில் மாட்டினால் போதும். பாதிப் பிழை தானாக ஓடிவிடும்.

6. செய்தி போகும் வழியை எழுதுங்கள்.

உங்கள் தளபதிகளுக்கு எல்லாம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. கைப்பேசி இல்லாத உலகத்தில் அது நடக்காது. முதல் உலகப் போரில், 1916-இல் பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் நடந்த போரில், டோல்கீன் லங்காஷைர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். தகவல் அறுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கண்ணால் கண்ட விஷயம்.

அதனால்தான் அவர் கதையில் ஏழு குன்றுகளில் தீ மூட்டும் வரிசை இருக்கிறது. சிவப்பு அம்பைக் கையில் ஏந்தி வரும் ஹிர்கான் என்ற தூதன் இருக்கிறான். ரோஹன் வருகிறது என்ற பதிலோடு அவன் திரும்பிப் போகிறான். சில நாள் கழித்து, படை அதே வழியில் போகும்போது, தலையற்ற ஓர் உடல் கிடக்கிறது. கையில் இன்னும் சிவப்பு அம்பு. அவன் கோட்டை வாசலைத் தொடவே இல்லை. நாம் வருகிறோம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று அந்த 6,000 பேருக்கும் அப்போது புரிகிறது. ஒரு தூதன் சாவு ஒரு நகரத்தின் நம்பிக்கையை அறுக்கிறது. இப்படி ஒரு கண்ணியை உங்கள் கதையில் வையுங்கள்.

7. உறுதிமொழியும் சட்டமும் இல்லாத கூட்டம் படை ஆகாது.

ரோஹன் ஏன் கோண்டோருக்காகச் சாக வேண்டும்? ஐந்நூறு ஆண்டுக்கு முன் கோண்டோர் தோற்கும் நிலையில் இருந்தபோது, வடக்கிலிருந்து எயோர்ல் என்ற தலைவன் குதிரைப்படையோடு வந்து காப்பாற்றினான். நன்றியாக நிலம் கிடைத்தது. பதிலுக்கு அவன் உறுதிமொழி கொடுத்தான். அந்தச் சொல்தான் இன்றைய பேரனைக் குதிரை ஏற வைக்கிறது. நம் சோழர் காலத்து வேளைக்காரப் படையினரும் அரசனுக்காக உயிர் கொடுப்போம் என்று சொல் கொடுத்தவர்கள்தாம். சொல்லுக்கு இருக்கும் எடையை நம் மண்ணுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சட்டம் வேண்டும், அதில் ஒரு நல்ல மனிதன் சிக்கவும் வேண்டும். நமக்குச் சாப்பாட்டு நேரம் சொன்ன அதே பெரகாண்ட், தன் தலைவன் ஃபராமிரை உயிரோடு எரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காவல் இடத்தை விட்டு ஓடுகிறான். தடுத்தவர்களை வெட்டுகிறான். ஃபராமிர் பிழைக்கிறான். ஆனால் அனுமதி இல்லாமல் காவலை விட்டவனுக்குப் பழைய சட்டப்படி மரணம். புது அரசன் அரகார்ன் என்ன தீர்ப்புச் சொல்கிறான் பாருங்கள்: மரணம் இல்லை, ஆனால் நீ இந்தக் காவற்படையில் இருக்க முடியாது, நகரத்தை விட்டுப் போக வேண்டும். பெரகாண்டின் முகத்தில் ரத்தம் வற்றுகிறது. பிறகுதான் அடுத்த சொல் வருகிறது: ஃபராமிரின் சொந்தக் காவற்படைக்கு இனி நீ தலைவன். சட்டமும் உடையவில்லை, நன்றியும் சாகவில்லை. நல்ல படைத்தலைமை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

8. பெயரை உங்கள் மொழியின் வேரிலிருந்து எடுங்கள்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். ரோஹன்காரர்களின் பெயர்களை அந்த மொழியிலிருந்தே எடுத்தார். 'தியோடன்' என்பதே அரசனைக் குறிக்கும் பழைய சொல். நீங்கள் தமிழில் எழுதிக்கொண்டு "கமாண்டர்", "கேப்டன்" என்று வைக்கிறீர்கள். தமிழில் ஏனாதி இருக்கிறது, படைமுதலி இருக்கிறது, தண்டநாயகன் இருக்கிறது, தூசிப்படை இருக்கிறது. அவற்றை அப்படியே எடுத்தாலும் சரி, அவற்றின் ஓசையை வைத்துப் புதிதாக உருவாக்கினாலும் சரி. பெயரைக் கேட்டதும் அந்த நாட்டு மண்ணின் வாடை அடிக்க வேண்டும்.

9. போரை ஒரே காட்சியாக எழுதாதீர்கள்.

நம் இலக்கணம் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. நிரை கவர்ந்தால் வெட்சி, படையெடுத்துப் போனால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. புறப்பொருள் வெண்பாமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ரோஹன் கதையைப் படியுங்கள். எதிரி நாட்டு ஓர்க் என்ற அரக்க இனத்தவர் ரோஹனின் கறுப்புக் குதிரைகளைத் தேடித் தேடித் திருடுவது வெட்சி. ஹெல்ம்ஸ் டீப் இரவு நொச்சி. மினாஸ் டிரித்தை எதிரி வளைத்தது உழிஞை. வாசலுக்கு வெளியே பெலன்னர் வெளியில் நடந்தது தும்பை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேகம், வேறு பயம், வேறு வீரம். எல்லாவற்றையும் வாள் மோதும் சத்தமாக எழுதினால் வாசகன் காது மரத்துப்போகும்.

கோட்டை எழுதும்போது ஓட்டையும் எழுதுங்கள். ஹெல்ம்ஸ் டீப் மதிலின் அடியில் ஓடை வெளியேற ஒரு வாய்க்கால் துளை. எதிரி முதலில் அதன் வழியே ஊர்ந்து உள்ளே வந்தான். பிறகு அங்கேயே வெடிவைத்து மதிலைப் பிளந்தான். தண்ணீர் போக வழி விட்டால் பகை வர வழி விட்டதாகும். ஊர் வாழத் தேவையானதே ஊரின் பலவீனமும் ஆகிறது.

10. விலங்குக்கும் மனசு உண்டு.

குதிரையை வண்டிபோல ஓட்டாதீர்கள். பெலன்னர் களத்தில் தெற்கத்தியர் கொண்டுவந்த மூமாகில் என்ற ராட்சத யானைகள் நின்ற பக்கம் ரோஹன் குதிரைகள் போக மறுத்தன. உலகத்திலேயே சிறந்த குதிரைவீரர்கள் என்ன செய்தும் பயனில்லை. ஆறாயிரம் பேரின் வீரத்துக்கு அங்கே ஒரு எல்லை விழுந்தது. தியோடன் செத்ததும் எதிரியின் கத்தியால் அல்ல. அம்பு பட்டு மிரண்ட அவன் சொந்தக் குதிரை ஸ்நோமேன் அவன்மேல் சாய்ந்தது. அந்தக் குதிரையை யாரும் வையவில்லை. அதற்கும் குழி வெட்டி, கல் நட்டார்கள். விலங்கோடு வேலை பார்த்தவனுக்கு அந்த மரியாதை புரியும்.

11. பயந்தவனை எழுதுங்கள். வரிசையில் இடம் கிடைக்காதவரையும் எழுதுங்கள்.

கடைசிப் போருக்கு ஏறத்தாழ 7,000 பேர் எதிரியின் கறுப்பு வாசலை நோக்கி நடக்கிறார்கள். போகப் போக, வயல் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்கள் சிலருக்குக் கால் நகரவில்லை. அந்த நிலமே அவர்களுக்குக் கெட்ட கனவுபோல இருக்கிறது. அரகார்ன் அவர்களைப் பார்க்கிறான். அவன் கண்ணில் கோபம் இல்லை, இரக்கம் இருக்கிறது. திரும்பிப் போங்கள், ஆனால் ஓடாதீர்கள், உங்களால் முடிகிற ஒரு வேலை இருக்கிறது என்று, எதிரி பிடித்துவைத்திருந்த கேர் ஆண்ட்ராஸ் தீவை மீட்க அனுப்புகிறான். சிலர் அதைச் செய்யக் கிளம்புகிறார்கள். வேறு சிலர் அந்தச் சொல்லிலேயே தைரியம் வந்து அரசனோடு நடக்கிறார்கள். சோம் போர்க்களத்தைப் பார்த்த மனிதனால்தான் இப்படி எழுத முடியும். தன் கதையின் எளிய மனிதன் சாமின் முகத்தில், அந்தப் போரில் தான் கண்ட சாதாரண சிப்பாய்களின் சாயல் இருக்கிறது என்றும், அவர்கள் தன்னைவிட மேலானவர்கள் என்றும் டோல்கீன் சொல்லியிருக்கிறார்.

ஹெல்ம்ஸ் டீப்பில் காம்லிங் என்ற முதியவர், நின்று சண்டை போட ஆயிரம் பேர் தேறுவார்கள் என்கிறார். பெரும்பாலோர் ஒன்று என்னைப்போல வயது கடந்தவர்கள், இல்லையென்றால் என் பேரனைப்போல வயது வராதவர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பேரன் பக்கத்தில் நிற்கிறான். அரசனின் மருமகள் முறையான எயோவினை, மக்களை நீ பார்த்துக்கொள் என்று பின்னால் விடுகிறார்கள். அவள் ஆண் உடையில், இன்னொரு பெயரில், யாரும் வேண்டாம் என்ற ஹாபிட் மெர்ரியைத் தன் குதிரையில் ஏற்றிக்கொண்டு வருகிறாள். பேரேட்டில் பெயர் இல்லாத அந்த இருவரும்தான் எதிரியின் மாபெரும் தளபதியை வீழ்த்துகிறார்கள். உங்கள் படையின் பட்டியலை எழுதி முடித்ததும், அதில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கதை பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

12. வெற்றியோடு புத்தகத்தை மூடாதீர்கள்.

வாகை சூடிய மறுநாள் காலை யார் எழுந்திருக்கவில்லை என்று எழுதுங்கள். பெலன்னருக்குப் பிறகு டோல்கீன் நம்மை நேரே மருத்துவ இல்லத்துக்குக் கூட்டிப் போகிறார். மெர்ரியின் வலது கை மரத்துக் கிடக்கிறது. எயோவின் கண் திறக்கவில்லை. பிறகு, போர் முடிந்து மாதங்கள் கழித்து, தியோடனின் உடலை ரோஹனுக்கு எடுத்துப் போய், முன்னோர்களின் மேடுகளுக்குப் பக்கத்தில் புதைக்கிறார்கள். குதிரைவீரர்கள் அந்த மேட்டைச் சுற்றி வந்து பாடுகிறார்கள். கதை அவசரப்படவில்லை. சாவுக்கு உரிய நேரத்தை அது கொடுக்கிறது.

எங்கள் பிரிவில் தினமும் காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். ஒருமுறை, போன வாரம்வரை பட்டியலில் இருந்த ஒரு பெயரைப் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார் ஹவில்தார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் அடுத்த பெயருக்குப் போகவில்லை. பட்டியலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நாற்பது பேர் அசையாமல் நின்றோம். பிறகு அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடுத்தவன் பெயரைப் படித்தார்.

இத்தனை வயதிலும் அந்த இடைவெளி என் காதில் இருக்கிறது. பதினாயிரம் பேர் மாண்டனர் என்று நீங்கள் எழுதும்போது எனக்கு உறுத்துவது அதுதான். உங்கள் நாடு கற்பனையாக இருக்கலாம், அரசன் கற்பனையாக இருக்கலாம். ஆள் செத்தால் ஒரு இடம் காலியாகும் என்பது கற்பனை இல்லை. ஒருவன் எளிதாகச் சாகும் கதையைப் பத்துப் படித்த பிள்ளைக்கு நிஜமான சாவுச் செய்தியும் ஒரு எண்ணாகத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தை உங்கள் கையால் வளர்க்காதீர்கள்.

இன்றிரவு உங்கள் கையெழுத்துப் படியை எடுங்கள். அந்தப் பெரிய எண் இருக்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து ஒரே ஒருவனை வெளியே எடுங்கள். அவன் பெயர் என்ன, எந்த ஊர், அன்று காலை என்ன சாப்பிட்டான், அவன் குதிரை இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.